வில்லை மாற்றும் நேரம்

கண் பரிசோதனை அறையில் விளக்கு அணைந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெள்ளையாக எரிகிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மூக்கை அழுத்தும் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தோடு, நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருஷமாக அவர் ஒருவரை இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், செய்தித்தாளைத் தொடுவதில்லை, யாரிடமும் பேச்சும் இல்லை. அப்பாவுக்குப் புத்தி மழுங்குகிறது என்று மகன் முடிவே கட்டிவிட்டான். "முதல்ல கண்ணைப் பாத்துடுவோம்" என்று பிடிவாதமாக அழைத்து வந்த மகள், சுவரோரம் பையை மடியில் அணைத்தபடி இருக்கிறாள். பரிசோதிக்கும் பெண் சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடி வில்லையை உருவி இன்னொன்றைச் செருகுகிறாள். மூன்றாம் வரியில் அவர் திணறுகிறார். மகள் எழுத்தைச் சொல்ல வாயெடுக்கிறாள். "நீ சொல்லாதேம்மா. நானே படிக்கிறேன்." மறுபடி வில்லை மாறுகிறது. அவர் மூன்றாம் வரியை முடித்து, நான்காவதையும் நிதானமாகப் படிக்கிறார்.

"கண்ணு பாதிதான் காட்டுச்சுன்னா, மீதியை ஊகிச்சே மூளை களைச்சுப் போயிடும் சார்," என்கிறாள் அந்தப் பெண். "ஆனா ஞாபகத்தையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"காட்டலாம். ரெண்டையும் பாத்துடலாம்," என்கிறார் வாத்தியார்.

அவர் மகள் பக்கம் திரும்புகிறார். "வர்றவங்க மூஞ்சி தெரியலைம்மா. குரலை வச்சு குத்துமதிப்பாத்தான் கூப்பிட்டேன். சொன்னா வெளியவே விடமாட்டீங்கன்னு சொல்லலை."

அவள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைக்கிறாள். அவர் பலகையை நோக்கி முகத்தை நிமிர்த்துகிறார்.

"அடுத்த வில்லையைப் போடும்மா. இன்னும் ரெண்டு வரி இருக்கு."