முழுச் சம்மதம்

“சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க,” என்றாள் வக்கீல்.

“எதுக்கும்மா? அவ முடிவு பண்ணிட்டா. அவ முடிவுக்கு நான் என்னிக்குமே குறுக்கே நின்னதில்ல,” என்று பேனாவின் மூடியைக் கழற்றினார் பேராசிரியர்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வாரமா சாப்பாட்டு மேசையிலதான் கிடந்துது. அது மேல காபி டம்ளரை வெச்சாரே தவிர, பிரிச்சுப் பார்க்கல,” என்றாள் வக்கீலிடம்.

கல்லூரியில் முப்பது வருடம் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சுதந்திரம் சார்’. மனிதன் சுதந்திரமானவன், தன் ஒவ்வொரு செயலுக்கும் அவனே பொறுப்பு, எதையும் தேர்ந்தெடுக்காமல் நழுவுவதும் ஒரு தேர்வுதான் என்று மேசையைத் தட்டித் தட்டி முழங்குவார். இந்த வக்கீலும் ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டவள்தான்.

“அப்புறம் ‘தெரியாம போட்டுட்டேன்’னு சொல்லக் கூடாது, சார்.”

“நான் தெரியாம எதையும் செஞ்சதில்லம்மா. தெரிஞ்சுதான் எல்லாத்தையும் இவகிட்ட விட்டிருக்கேன். எத்தனை புருஷன் பொண்டாட்டிக்கு இவ்வளவு சுதந்திரம் குடுத்திருக்கான், சொல்லு? வீடு வாங்கினது இவ இஷ்டம். பொண்ணு என்ன படிக்கணும்கறது இவ இஷ்டம். நான் போட்டிருக்கற இந்தச் சட்டைகூட இவ இஷ்டம்தான்!”

“அந்த வீடு ஒழுகினப்போ என்ன சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“என்ன சொன்னேன்?”

“‘நான் அப்பவே நினைச்சேன்’னீங்க. பொண்ணு பரீட்சையில கோட்டை விட்டப்பவும் அதே வசனம்தான். நினைச்சதை முன்கூட்டியே ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா?”

“சொல்லியிருந்தா அது உன் சுதந்திரத்துல தலையிடற மாதிரி ஆயிருக்குமே!”

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

“பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. இதயத்துல ஓட்டை,” என்று மனைவி அவளிடமே தொடர்ந்தாள். “உடனே ஆபரேஷன் பண்ணிடலாமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமான்னு டாக்டர் கேட்டார். ரெண்டுலயும் ஆபத்து இருக்குன்னார். திரும்பிப் பார்த்தா இவரைக் காணோம். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வாட்ச்மேன்கிட்ட விதி உண்டா இல்லையான்னு விவாதம் பண்ணிக்கிட்டு இருந்தார். நான் ஒருத்தியா கையெழுத்துப் போட்டேன். போடறப்போ என் பேரே எனக்கு மறந்து போச்சு.”

“குழந்தை பிழைச்சுட்டாளே! சரியான முடிவுதானே எடுத்தே!”

“பிழைக்காம போயிருந்தா?”

பேராசிரியர் எதிரே இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். “நடக்காததைப் பத்தி இப்ப எதுக்குப் பேச்சு?”

“கழுவுற மீன்ல நழுவுற மீன்,” என்றாள் மனைவி. பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “இங்க பாருங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ரெண்டு ரூம்ல அளவா ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன். எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு இதெல்லாம் வேணுமா, வேணாமா? ‘வேணாம்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் காகிதத்தை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு உங்ககூட வந்துடறேன்.”

பேராசிரியருக்கு இப்போது இருக்கும் வீடுதான் பிடிக்கும். ஜன்னலோரச் சாய்வு நாற்காலி, கையெட்டும் தூரத்தில் புத்தகங்கள், கேட்காமலே வரும் காபி. ‘வேணாம்’ என்பது தொண்டை வரை வந்தது. ஆனால் சொல்லிவிட்டு, நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால்? ‘நீங்க சொல்லித்தானே’ என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே! வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினார்.

“உன் இஷ்டம்,” என்றார்.

மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள்.

“முழுச் சம்மதத்தோடதானே போடறீங்க, சார்?” என்று வக்கீல் மறுபடியும் கேட்டாள்.

“நூத்துக்கு நூறு!”

வக்கீல் விரல் வைத்த இடங்களில் எல்லாம், கடைசியில் ஒரு சுழி சுழித்து, கீழே இரண்டு புள்ளியும் வைத்துக் கையெழுத்திட்டார். மனைவியும் போட்டாள்.

பேராசிரியர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

“கிளம்பலாமா? ஆட்டோவா, பஸ்ஸா?”

“நான் பஸ்ல போறேன். நீங்க எதுல போறதுன்னு நீங்களே பார்த்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு மனைவி கைப்பையோடு வெளியே நடந்தாள்.

“நல்ல கூத்து! ஒரே வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வண்டி?” என்று சிரித்தார் பேராசிரியர்.

வக்கீல் சிரிக்கவில்லை. “அந்தப் புது வீடு அம்மா ஒருத்தருக்கு மட்டும்தான், சார். இப்ப நீங்க முழுச் சம்மதத்தோட கையெழுத்துப் போட்டது விவாகரத்து மனுவுல.”