பத்து நிமிடம்

“கத்து, நல்லா கத்து. நான் விடப்போறதில்லை,” என்றபடி அம்மா சொரசொரப்பான துண்டால் மகளின் பாதத்தைத் தேய்த்தாள். பதினோரு வயதுப் பெண் அலறினாள். அவள் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

அழைப்பு மணி அடித்ததுமே துண்டைப் போட்டுவிட்டு, சிவந்த கண்களோடு போய்க் கதவைத் திறந்தாள் அம்மா.

வாசலில் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை. “குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துலேருந்து வரேன். இந்த வீட்டைப் பத்தி ஒரு போன் வந்துச்சு.”

“மாடி வீட்டுக்காரிதானே? என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறா.”

“யாருன்னு சொல்ற வழக்கமில்லை. படிக்கட்டு வரைக்கும் அலறல் கேக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?”

அம்மா மகளின் மருத்துவ ஃபைலை எடுத்து அலுவலர் கையில் திணித்தாள். “விளையாடுறப்போ கால் பிசகுச்சு. வீக்கம் வடிஞ்சும் வலி போகலை. போர்வை பட்டாக்கூட நெருப்பு பட்ட மாதிரி துடிக்கிறா. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லை, நடிக்கிறான்னு எட்டு மாசம் அலையவிட்டாங்க. என் நாத்தனார், ‘இவ நடிப்புக்கு ஒரு கப் வாங்கிக் கொடுத்துடலாம்’னு கிண்டல் வேற.”

“அதுக்காக இப்படித் தேய்க்கிறதா?”

“தொட்டாத் தாங்கிக்க அந்தக் காலைப் பழக்கணுமாம். பிசியோதெரபி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க, பாருங்க. மூணு வேளை, பத்துப் பத்து நிமிஷம். விட்டா கால் இறுகி, நடக்கவே முடியாமப் போயிடலாமாம். நானா ஆசைப்பட்டுச் செய்யறேன்?”

அலுவலர் சீட்டை இரண்டு முறை படித்தார். “குழந்தைகிட்ட தனியாப் பேசணும்,” என்று அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். சிறுமி சட்டென்று காலை நகர்த்திக்கொண்டாள்.

“பயப்படாதே, தொட மாட்டேன். அம்மா உன்னைக் கொடுமைப்படுத்துறாங்களா? மறைக்காமச் சொல்லு. வேற இடத்துல தங்கணும்னாலும் ஏற்பாடு பண்றேன்.”

கதவுக்கு வெளியே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போன் பண்ணினதே நான்தான்,” என்றாள் சிறுமி.

அலுவலர் பேனாவைத் திறந்தார். “சொல்லும்மா. என்ன பண்றாங்க?”

“மூணே நிமிஷத்துல நிறுத்திட்டுப் போயிடறாங்க. அழாம தேய்க்கிற ஆளா யாரையாவது அனுப்புங்க ஆன்ட்டி.”