கண்ணால் கண்ட சாட்சிகள்

நினைவாற்றல் குறித்துப் பேராசிரியை பேசிக்கொண்டிருக்கையில் ஒருவன் மேடையேறி, அவர் கூந்தலைப் பற்றித் தலையை மேசையில் மோதினான்.

பதறி எழுந்த கூட்டத்தை ஆய்வு மாணவி கையமர்த்தினாள். "உட்காருங்க! இது சோதனை. நான் போன்ல பேசி வரவழைச்ச நடிகர்தான். ஆளை நல்லா கவனிங்க, அப்புறம் மேடம் கேள்வி கேப்பாங்க."

"அடிக்காதீங்க! வீட்டுக்கே வந்துடறேங்க!" என்று பேராசிரியை அலறினார்.

பேசிவைத்ததில் இல்லாத வசனம்! மேடமுக்குள் இப்படியொரு நடிகையா என்று மாணவி மலைத்துப்போனாள்.

"அம்மாடி, பின்னுறாங்க!" என்று யாரோ கைதட்ட, அரங்கமே தட்டியது.

அவன் மீண்டும் மோதினான். பேராசிரியையின் குரல் நின்றுபோனது.

மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர் மாணவியின் காதருகே குனிந்தார். "மன்னிச்சிருங்க மேடம், பஸ் லேட். நீங்க போன்ல கூப்பிட்ட நடிகர் நான்தான். எப்ப மேடை ஏறணும்?"