இரண்டாவது கசிவு

மருமகள் கை கழுவ உள்ளே போன நேரம் பார்த்து, காற்றுக் குழாயின் மூன்றாவது இணைப்பை ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்திவிட்டேன்.

மருமகள் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். சட்டப்படி போன மாதத்தோடு அவள் எங்களுக்கு யாரும் இல்லை.

என் மகன் வேறு ஊரில் வேறு வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவனைத் திட்டித் திட்டி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவள் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருக்கிறாள்.

எங்கள் கார் ஷெட்டில் ஒரு கம்ப்ரஸரை நிறுத்தி, மூன்று சுவர்களிலும் குழாய் ஓட்டித் தருகிறேன் என்று அவள் சொன்னது எல்லாம் நன்றாக இருந்த காலத்தில். தொழிற்சாலைகளுக்கு இதே வேலையைச் செய்து கொடுப்பவள். கார் மகனோடு போய்விட்டதால் இடத்துக்கும் பஞ்சமில்லை.

உனக்கு எதற்கய்யா காற்று என்று கேட்கலாம். பழைய நாற்காலிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் ஆசை. இதுவரை பிரஷ்ஷால் அடித்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

அத்தையின், அதாவது என் மனைவியின், மதியத் தூக்கம் கெடக் கூடாது என்று கம்ப்ரஸருக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தாள். காற்றிலிருந்து குழாயில் சேரும் தண்ணீர் தானாக வடியட்டும் என்று குழாயைச் சரிவாக ஓட்டி, கோடியில் ஒரு திருகுக் குழாயும் வைத்தாள். சொந்த வீட்டுக்குக்கூட யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை.

இன்று கடைசி வேலை. குழாயில் காற்றை அடைத்து, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நின்றுவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் கிடையாது.

அடிக்கடி வந்து போம்மா என்று சொல்லலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல? அவனைப் பெற்றவன் நான்.

அதனால்தான் அந்த அரைச் சுற்று.

அவள் வந்தாள். மோட்டார் ஓடி, காற்றுத் தொட்டி நிரம்பி, நின்றது. தொட்டியின் வால்வை மூடிவிட்டு மீட்டர் முன்னால் கைகட்டி நின்றாள். முள் இறங்கத் தொடங்கியது. எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு, முதல் இணைப்பிலிருந்து வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தாள். மூன்றாவதில் நுரை குமிழ்விட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன்.

அவள் இணைப்பை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். காற்றைத் திறந்துவிட்டு, இணைப்பை நறுக்கென்று முடுக்கினாள்.

அவ்வளவுதான். ஒரு வாரத்துக்காவது தாங்கும் என்று நான் போட்ட திட்டம், அவள் மணிக்கட்டின் ஒரு திருப்பலுக்குத் தாங்கவில்லை. தளர்த்தத் தெரிந்த எனக்கு, முடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

மறுபடி மோட்டார். மறுபடி வால்வு. என் மனைவி டீ டம்ளர்களோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவளும் முள்ளைத்தான் பார்த்தாள்.

முள் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மனைவி டம்ளர்களைப் படியிலேயே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வரும்போல இருந்தது.

அப்போதுதான் முள் மெல்ல இறங்கியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருக்கிறதே என்று விழித்தேன். சத்தியமாக நான் வேறு எதையும் தொடவில்லை.

இந்த முறை அவள் வரிசையாகப் பார்க்கவில்லை. ஏணியை நேராகக் கடைசி மூலைக்கு இழுத்துப் போட்டு ஏறினாள். கூரையை ஒட்டிக் குழாய் வளையும் இடத்தில் பிரஷ்ஷை ஒரு தடவு தடவினாள். நுரை பொங்கி வந்தது.

என் மூட்டு என்னைக் கைவிட்டதிலிருந்து நான் ஏணியில் ஏறுவதில்லை. மனைவிக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். அந்த மூலையில் கை வைத்தவள் அவள் ஒருத்திதான்.

"இதைக் கழட்டி, டேப் சுத்தி, மறுபடி பூட்டணும் மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமைதான் முடியும்" என்றாள், ஏணியில் நின்றபடியே, எங்களைப் பார்க்காமல்.

வெளியே வெயில் இன்னும் உச்சியைவிட்டு இறங்கவில்லை. வேலை தெரிந்தவளுக்கு அது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"அதுக்கென்னம்மா, இப்ப என்ன அவசரம்" என்றேன்.

"வர்றப்ப சாப்பிட்டுட்டு வந்துடாத" என்றாள் என் மனைவி.

அவள் தலையாட்டினாள். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வழியனுப்ப நான் கேட் வரை நடந்தேன்.

அத்தை காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி அவள் சொன்னாள்:

"இனிமே நீங்க எதையும் தளர்த்தி வைக்க வேணாம் மாமா. அதை நான் பாத்துக்கறேன்."