இன்று கேள்விகள் இல்லை

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். வாழ்நாளெல்லாம் அடுத்தவரைக் கேள்வி கேட்டவருக்குத் தன்னை ஒருவர் கேட்டால் பிடிக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் திரை தினமும் காலையில் இருபது கேள்வி கேட்கும். மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, பசி எடுக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் சிடுசிடுப்பார்.

போன வாரம் அதில் புது வெர்ஷன் போட்டார்கள். "இனிமே தேவையில்லாததக் கேக்காதும்மா," என்றாள் நர்ஸ் ஜெனிபா. "பதிலப் பொறுத்து வைத்தியம் மாறும்னா மட்டுந்தான் கேக்கும்."

நானும் சந்தோஷப்பட்டேன்.

இருபது கேள்வி ஏழாகக் குறைந்தது. நேற்று ஒன்றே ஒன்று. இன்று காலை திரையில் ஒரு வரிதான் இருந்தது: இன்று கேள்விகள் இல்லை.

"அப்பாடா," என்றார் அவர். "ஒடம்பு தேறிட்டுன்னு அர்த்தம். வீட்டுக்கு அனுப்பிருவாங்க பாரு."

இனி அவர் என்ன பதில் சொன்னாலும் எதுவும் மாறப்போவதில்லை என்பது எனக்கு மட்டும் புரிந்தது. வராந்தாவில் ஜெனிபாவைப் பிடித்தேன்.

"அவர்ட்ட ஏதாவது ஒண்ணு கேளும்மா."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள்.

"சார், காலைல என்ன சாப்ட்டீங்க?"

அவர் சிடுசிடுக்கவில்லை. இரண்டு இட்லி, சட்னியில் உப்பு கம்மி, காபி ஆறிப்போயிருந்தது என்று நீளமாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவள் பதிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தார்.

அவள் கை திரைப் பக்கம் போகவேயில்லை.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.