மெடிக்கல் லீவில் வாக்கிங்

ஆவடி குவார்ட்டர்ஸ் சாலையில் மாலை வெயிலில் ஞானவேல் நடக்கிறார். முதுகின் அடியில் வருஷக்கணக்கான வலி. படுத்தே கிடந்தால் இறுகும், நடந்தால்தான் இளகும், வளையாமல் நட என்று சொல்லி, டாக்டர் மெடிக்கல் லீவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் பாட்டிலோடு கூடவே வருகிறாள் மனைவி ரேணுகா. "தோளை இறக்குங்க. ஆங், அப்படித்தான்." செருப்புச் சத்தம் இன்று சீராக விழுகிறது. நிழல் முன்னால் நீளமாக, நேராகப் போகிறது. வாட்டர் டேங்க் அருகே ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைக்கிறது. தொழிற்சாலையில் அவர் பிரிவில் வேலை செய்யும் தயாளன். "இன்னா அண்ணாத்தே, உன் வேலையும் சேத்து நான் பாத்துகினு கீறேன். நீ இங்க ஜாலியா வாக்கிங்கா? முதுகு வலின்னாங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறான். நாளைக் காலை அந்தச் சிரிப்பு ஃபோர்மேன் காதுக்குப் போகும். லீவு பொய் என்றாகிவிட்டால் மறுபடி இரும்பு தூக்க நிற்க வேண்டும். கட்டுப் போட்ட கை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். முதுகுக்குள் இருப்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? ஞானவேலின் கை இடுப்புக்குப் போகிறது. உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, காலை இழுத்து வைக்கிறார். நிழலும் கோணுகிறது. "எங்கடா ஜாலி, நிக்கவே முடியல." தயாளன் சிரிப்பை நிறுத்துகிறான். "பாத்து அண்ணாத்தே" என்று கிளம்புகிறான். ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைகிறது. "போய்ட்டான், நிமிருங்க" என்கிறாள் ரேணுகா. ஞானவேல் நிமிரப் பார்க்கிறார். பாதியில் நின்றுவிடுகிறார். "இரு" என்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு. "நெஜமாவே புடிச்சிக்கிச்சு."