பத்து நிமிடக் கரண்ட்

"அண்ணே, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். பத்தே நிமிஷம் கரண்ட் விடுங்க!"

துணைமின் நிலைய வாசலில் மூச்சு வாங்கினார் அந்த அரசு அதிகாரி. கையிலிருந்த லேப்டாப்பில் நாலு சதவீத உயிர்தான் மிச்சம்.

"இருந்தாத்தானே சார் விட?" என்றார் ஆபரேட்டர். "ஆஸ்பத்திரி லைன் ஒண்ணுதான் ஓடுது. அதைப் பிடுங்கி உங்களுக்குக் கொடுக்கவா?"

"அஞ்சு மணிக்குள்ள வெளிநாட்டுக்கு ஒரு விண்ணப்பம் போயாகணும். ஆபீஸ் ஜெனரேட்டரும் கையை விரிச்சிடுச்சு. இதை விட்டா இன்னும் அஞ்சு வருஷம் காத்துக் கிடக்கணும்ணே!"

"பொண்ணு படிப்புக்கா?"

காரணத்தைச் சொன்னால் ஆபரேட்டர் சிரிப்பார். அதிகாரி கைக்கடிகாரத்தை மட்டும் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

ஆபரேட்டருக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலில்லாத தன் அறைக்கு அழைத்துப் போனார். இன்வெர்ட்டரில் எரிந்த ஒற்றை விளக்கைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் செருகினார்.

மணி நாலு ஐம்பத்தெட்டு. இருட்டில் திரை மட்டும் ஒளிர்ந்தது. எட்டிப் பார்த்த ஆபரேட்டர் தலைப்பைப் படித்துத் திகைத்தார்.

'அணுமின் நிலையம் அமைக்க உதவி கோரும் விண்ணப்பம்.'

கடைசிக் கேள்வியில் அதிகாரியின் விரல் நின்றது.

'உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு, உங்கள் நாட்டில் இப்போதே தடையில்லா மின்சாரம் உண்டா?'

"இல்லைன்னு போட்டா என்ன சார்?"

"உதவி கிடையாதுண்ணே."

இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"உண்டுன்னு அமுக்குங்க சார், சீக்கிரம்! இதுவும் போகப் போகுது!"